பெட்ஷீட் கடைக்கு ஸ்க்ரீமிங் ஃப்ராக் எதற்கு?

ஒரு வருடம் காசு கட்டிப் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஸ்க்ரீமிங் ஃப்ராக் எஸ்இஓ ஸ்பைடர். ஸ்க்ரீமிங் ஃப்ராக் என்றால் கத்தும் தவளை; எஸ்இஓ என்றால் கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை. வெப்சைட்டுக்குள் புகுந்து லிங்குகளைச் சோதிக்கிற மென்பொருள் இது. பேங்கில் பணம் போன மெசேஜைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர், "தவளைக்கு இருபதாயிரமா?" என்றார். நான் வாங்கியபோது வருடத்துக்கு 199 பவுண்ட். பிடித்தமெல்லாம் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்துக்கு எத்தனை கட்டு நூல் வரும் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எங்களுக்குச் சென்னிமலை. பெட்ஷீட், துண்டு, தலையணை உறை விற்கிறோம்; பவானியிலிருந்து எடுத்து ஜமுக்காளமும் விற்கிறோம். மாமா காலத்தில் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனதுதான் வியாபாரம். 2016-இல் வெப்சைட் போட்டோம். போட்டோ எடுப்பது, விலை மாற்றுவது, ஆர்டர் பார்ப்பது, கூரியர்காரரோடு சண்டை போடுவது எல்லாம் என் பொறுப்பு. 2021-இல் பழைய தளம் தாங்காது என்று வேறு பிளாட்ஃபார்முக்கு மாறினோம். மாற்றியதும் நான்தான், அதனால் யார் மேலும் பழி போட வழியில்லை. பக்கங்களின் முகவரி எல்லாம் அப்போது மாறிப்போனது. பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. கூகுளில் தேடி வருகிற ஆர்டர் மெல்ல மெல்லக் குறைந்தது. கொரோனா, நூல் விலை, மழை என்று சீசனுக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்ததால் தளத்தின் மேல் சந்தேகமே வரவில்லை.

சரி, தவளைக்கு வருவோம். இங்கிலாந்துக் கம்பெனி. நம் கம்ப்யூட்டரிலேயே இறக்கி ஓட்ட வேண்டும். மேலே இருக்கும் பெட்டியில் தளத்தின் முகவரியைப் போட்டு ஸ்டார்ட்டை அழுத்தினால், முகப்பில் நுழைந்து அங்கிருக்கும் லிங்கைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கிருந்து அதற்கடுத்த பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். கூகுளின் ரோபோவும் ஏறத்தாழ இப்படித்தான் நம் தளத்துக்குள் நடமாடுகிறது. எந்தக் கதவு திறந்தது, எது திறக்கவில்லை, எது வேறு வாசலுக்குத் திருப்பிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவைத்துவிடும்.

இலவசமாகவும் கிடைக்கிறது, ஆனால் 500 முகவரியோடு நின்றுவிடும். 500 பொருளுக்குத் தாங்கும் என்று நினைத்துத்தான் முதலில் இறக்கினேன். படம், டிசைன் ஃபைல், ஸ்கிரிப்ட் எல்லாமே தனித்தனி முகவரியாகக் கணக்கில் சேரும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பெட்ஷீட்டுக்கு நாங்கள் ஆறு போட்டோ போடுகிறவர்கள். துண்டுப் பிரிவுக்குள் கால் வைப்பதற்குள் 500-ம் தீர்ந்துவிட்டது. நாலு நாள் யோசித்துவிட்டுப் பணம் கட்டினேன்.

பணம் கட்டிய அன்றைக்கு மத்தியானம் அரிசிம்பருப்புக்குத் தாளித்து, குக்கரை மூடிவிட்டு ஸ்டார்ட்டை அழுத்தினேன். மூன்றாவது விசில் வருவதற்குள் பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "பேமென்ட் பக்கம் சுத்திக்கிட்டே இருக்குங்க" என்றார். தவளை ஒரே நேரத்தில் ஐந்து பக்கத்தைக் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். நாங்கள் வைத்திருப்பதோ பத்துப் பேரோடு பங்கு போட்ட மலிவு ஹோஸ்டிங், அதாவது தளம் குடியிருக்கும் வாடகை சர்வர். கடையில் கூட்டம் நிற்கும்போது ஐந்து பேர் உள்ளே புகுந்து அலமாரி அலமாரியாக இழுத்துப் பார்த்த கதைதான். நிறுத்திவிட்டு, வேகத்தை ஒன்றாகக் குறைத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டினேன். காலையில் பால் ஊற்ற வரும்போது முடிந்திருந்தது. பகலில் ஓட்டாதீர்கள்.

முடிவைத் திறந்தால் 404 என்று 73 முகவரி. அதாவது நம் தளத்திலேயே நாம் காட்டிய வழியில் போனால் பக்கமே இல்லை. மேலே ஒரு வரியைத் தொட்டால் கீழே 'இன்லிங்க்ஸ்' என்ற பெட்டி திறக்கும். உடைந்த லிங்க் எந்தெந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லின் மேல் இருக்கிறது என்று அதில் வரிசையாக வரும். கொடுத்த காசு இந்தப் பெட்டிக்குத்தான் என்று சொல்வேன். உடைந்தது எது என்று சொல்ல ஆயிரம் கருவி இருக்கிறது. போய்த் திருத்த வேண்டிய இடத்தைக் கைகாட்டுவதுதான் வேலையைக் குறைக்கிறது.

அந்த 73-இல் ஒன்றுக்கு மட்டும் 612 பக்கங்களிலிருந்து லிங்க் போனது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. 612 பக்கத்தையும் உட்கார்ந்து திருத்த வேண்டுமா? அப்புறம் பார்த்தால் எல்லாப் பக்கத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வரும் 'அளவு அட்டவணை' லிங்க் அது. அடிப்பகுதியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன், 612-ம் போய்விட்டது. "கிங் சைஸ்னா எத்தனை இஞ்ச்சுங்க?" "இது டபுள் காட்டுக்குப் பத்துமாங்க?" என்று தினமும் வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளுக்கு நான் மூன்று வருடமாகப் பொறுமையாகப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். ஜனங்கள் படிக்காமல் கேட்கிறார்கள் என்று சலித்தும்கொண்டேன். படிக்கப் போன பக்கம்தான் திறக்கவில்லை.

திருப்பிவிடும் லிங்குகளில் பெரிய சங்கதி இல்லை. சில முகவரிகள் பாதுகாப்பு இல்லாத முகவரியிலிருந்து பாதுகாப்பானதற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு, அப்புறம் சரியான பக்கத்துக்கு என்று மூன்று தாவல் தாவின. கூகுள் பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் உயிர் போகிற விஷயமில்லை. ஆனாலும் நேராகப் போகிற மாதிரி மாற்றிவிட்டேன். ஒரு சாயங்கால வேலை.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்திருந்தது. தளத்துக்கு சைட்மேப் என்று ஒரு ஃபைல் உண்டு. நம்மிடம் இருக்கும் பக்கங்களின் பட்டியல். அதையும் தவளையிடம் கொடுத்து, லிங்க் வழியாக நடந்து எட்டிய பக்கங்களோடு ஒப்பிடச் சொன்னால், பட்டியலில் பெயர் இருந்தும் எந்த லிங்கும் போய்ச் சேராத பக்கங்களைத் தனியாக எடுத்துக் காட்டும். அனாதைப் பக்கம் என்பார்கள். இதற்கு ஓட்டம் முடிந்த பிறகு 'க்ரால் அனாலிசிஸ்' என்பதைத் தனியாக ஒருமுறை ஓட்ட வேண்டும். அது தெரியாமல் இரண்டு வாரம், "நமக்கு அனாதைப் பக்கமே இல்லை" என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஓட்டியதும் 41 வந்தது. அதில் 38 ஜமுக்காளம். தளம் மாற்றிய வாரத்தில் மெனுவைப் புதிதாகக் கட்டியபோது ஜமுக்காளம் என்கிற பிரிவையே சேர்க்காமல் விட்டிருக்கிறேன். சரக்கு இருக்கிறது, போட்டோ இருக்கிறது, விலை இருக்கிறது. கடைக்குள்ளிருந்து அந்த அறைக்குப் போக வாசல் இல்லை.

மாமாவுக்கு எண்பதை நெருங்குகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து என்னவென்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பத்திரத்துல பேரு இருக்குது, தடம் இல்லைங்கற" என்றார்.

"ஆமாங்க மாமா."

"தடமில்லாத காட்டை எவன் அம்மணி வெலைக்குக் கேப்பான்?"

எங்கள் பக்கம் தடவழிக்காகப் பங்காளிக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ. இருபுறமும் கிளுவை வேலி வைத்த இட்டாரி வழியாக வண்டி போய் வந்தால்தான் காட்டுக்கு, அதாவது நிலத்துக்கு, மதிப்பு. கூகுளும் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் யோசிக்கிறது. கூகுளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் கணக்கில், ஒரு பக்கத்துக்கு வந்து சேரும் வழிகளை வைத்தும், அந்த வழி யாருடைய வாசலிலிருந்து வருகிறது என்பதை வைத்தும்தான் பக்கத்துக்கு எடை. இன்றைக்கு அதோடு எத்தனையோ சேர்ந்துவிட்டன, ஆனாலும் தடத்தின் மதிப்பு போய்விடவில்லை. மாமாவுக்கு எஸ்இஓ வகுப்பு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே வேகத்தில் 'க்ரால் டெப்த்' என்ற கட்டத்தையும் பார்த்தேன். முகப்பிலிருந்து எத்தனை கிளிக்கில் ஒரு பக்கத்துக்குப் போகலாம் என்ற எண் அது. தீபாவளிக்கு நன்றாக ஓடும் பார்டர் பெட்ஷீட்டுகள் ஆறாவது, ஏழாவது கிளிக்கில் கிடந்தன. துண்டுப் பிரிவின் பட்டியல் வழியாக முதல் 24 பொருளுக்கு மேல் தவளை போகவே இல்லை. முதலில் தவளைதான் குருடு என்று நினைத்தேன். அங்கே 'மேலும் காட்டு' என்று ஒரு பட்டன் வைத்திருந்தோம். அழுத்தினால் அடுத்த 24 வரும். கூகுள் ரோபோ பட்டனை அழுத்தாது. முறையாக எழுதிய லிங்க் இருந்தால்தான் அடுத்த பக்கத்துக்கு நகரும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான் ஆசைப்பட்டு வைத்த பட்டன் அது. எடுத்துவிட்டு 1, 2, 3 என்று பழைய பாணியில் பக்க எண் போட்டோம்.

லிங்க் வைக்கும் சொல்லையும் அப்போதே மாற்றினேன். கட்டுரைகளில் எல்லாம் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று எழுதி வைத்திருந்தேன். எங்கே, எதற்கு என்று படிக்கிறவருக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. இப்போது 'நாலுக்கு ஆறு பவானி ஜமுக்காளம்' என்று பொருளின் பெயர் மேலேயே லிங்க் இருக்கிறது.

வெளியே போகும் லிங்குகள் விஷயத்தில் தவளை என்னைக் கவிழ்த்தது. கைத்தறியை விசைத்தறியிலிருந்து பிரித்துப் பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதி, நெசவு பற்றி நல்ல படங்களோடு இருந்த ஒரு தளத்துக்கு லிங்க் கொடுத்திருந்தேன். தவளையின் பட்டியலில் அது 200 என்று வந்தது. 200 என்றால் எல்லாம் சரி. ஒரு மாதம் கழித்து, பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் போன் செய்து, "அம்மா, நம்ம கட்டுரையில இருந்து ரம்மி சைட்டுக்கு லிங்க் குடுத்திருக்கீங்க" என்றாள்.

"போ கண்ணு, தறி படம் இருக்கும் பாரு."

"தறியெல்லாம் இல்ல, சீட்டுக்கட்டுதான் இருக்கு."

அந்தத் தளத்துக்காரர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். காலாவதியான பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்டக் கடை திறந்துவிட்டார்கள். கதவு திறக்கிறது, அதனால் தவளைக்கு 200. உள்ளே குடியிருப்பவர் மாறிப்போனதை அது பார்க்காது. தலைப்பு என்ன என்று தனிக் கட்டமாகக் காட்டுவதும் நம் தளத்தின் பக்கங்களுக்குத்தான். ஆகவே வெளி லிங்குகளை இப்போது கையால் திறந்து பார்க்கிறேன். நூற்றுப்பத்து இருந்தது, இரண்டு மத்தியானம் ஆனது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. நன்றாகத் திறக்கும் சில தளங்கள் தவளையைக் கண்டால் 403 என்று கதவைச் சாத்திவிடும். லிங்க்ட்இன் 999 என்று ஒரு எண்ணைத் தருகிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு என் கணக்கையே முடக்கிவிட்டார்களோ என்று பயந்து போனேன். ரோபோ வேண்டாம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் எண் அது, அவ்வளவுதான். வெளி லிங்க் சிவப்பாக வந்தால் உடனே அழிக்காமல் ஒருமுறை பிரவுசரில் திறந்து பாருங்கள்.

மற்றவர்கள் நமக்குக் கொடுத்த லிங்குகளைத் தவளை தன் காலால் நடந்து கண்டுபிடிக்காது. அது நம் தளத்துக்குள்ளிருந்து புறப்படுகிற பிராணி. அந்த லிங்குகளைப் பார்க்க, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுளே தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி போதும், இலவசம். 'லிங்க்ஸ்' பகுதியில் யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொல்லில் என்று காட்டும். முழுப் பட்டியல் கிடைக்காது, ஆனால் எங்கள் அளவு கடைக்கு அது தாராளம்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் கோயம்புத்தூர் ஏஜென்சி ஒன்று, "ஆயிரம் பேக்லிங்க் வாங்கித் தருகிறோம், முதல் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள்" என்று சொல்லிப் பணம் வாங்கியது. பேக்லிங்க் என்றால் மற்ற தளங்கள் நமக்குக் கொடுக்கும் லிங்க். ஏஜென்சியின் பேர் வேண்டாம். முதல் பக்கம் வரவில்லை. போன வருடம் அதே ஆட்கள் திரும்பப் போன் செய்து, "உங்கள் தளத்துக்கு விஷ லிங்க் நிறைய இருக்கிறது, சுத்தம் செய்ய இவ்வளவு ஆகும்" என்றார்கள். முள்ளை வைத்தவரே வைத்தியத்துக்கும் வருகிறார்.

பயந்துபோய்ப் படித்ததில் தெரிந்தது இது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்த மாற்றம், காசுக்கு லிங்க் வாங்கிய தளங்களைப் பலமாக அடித்தது. அதே வருடம் அக்டோபரில், "இந்த லிங்க் என்னுடையதில்லை, கணக்கில் எடுக்காதே" என்று எழுதிக் கொடுக்க 'டிஸவாவ்' என்ற வசதியையும் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் பெங்குவின் முக்கியக் கணக்குக்குள்ளேயே சேர்ந்தது. அதிலிருந்து மட்டமான லிங்கைத் தண்டிப்பதைவிட மதிக்காமல் விடுவதுதான் வழக்கம். பெரும்பாலான தளங்களுக்கு டிஸவாவ் தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்தேன். கூகுள் ஆட்கள் நம் தளத்துக்குத் தண்டனை போட்டிருந்தால் அங்கே தெரியும். எந்தப் பிரச்சினையும் இல்லை என்றிருந்தது. யாரோ எந்த நாட்டுத் தளத்திலோ ஒட்டி வைத்த 'சீப் பெட்ஷீட்' லிங்குகளை அப்படியே விட்டுவிட்டேன். ஏஜென்சி போனையும் எடுக்கவில்லை.

அந்தக் குப்பைக்கு நடுவில்தான் ஒரு நல்ல லிங்க் கிடந்தது. வெளிநாட்டில் வீட்டு அலங்காரம் பற்றி எழுதும் ஒரு பெண்மணி, 2018-இல் எங்களிடம் வாங்கிய சிவப்புக் கோடு போட்ட ஜமுக்காளத்தைத் தன் வரவேற்பறையில் விரித்துப் படம் போட்டு, அன்போடு எழுதி, எங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார். லிங்க் போனது பழைய முகவரிக்கு. 404. காசு கொடுத்து ஆயிரம் வாங்கியவள், காசில்லாமல் வந்த ஒன்றை இத்தனை வருடமாக வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேன்.

சர்ச் கன்சோலிலிருந்து, இப்படி வெளியார் லிங்க் கொடுத்த எங்கள் முகவரிகளை எக்செலில் இறக்கி, தவளையில் 'லிஸ்ட்' என்ற முறைக்கு மாறி, மொத்தமாக ஒட்டி ஓட்டினேன். எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. 19 செத்திருந்தன. ஒவ்வொன்றையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301, அதாவது நிரந்தரத் திருப்பல், போட்டுத் திருப்பினேன். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடலாமே என்று சோம்பேறித்தனம் வந்தது உண்மை. ஜமுக்காளம் கேட்டு வந்தவரைக் கல்லாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் திரும்பிப் போய்விடுவார். கூகுளும் அந்த மாதிரித் திருப்பலைப் பக்கமே இல்லாததாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

மூன்று மாதத்தில் ஜமுக்காளத்துக்கு விசாரிப்பு வர ஆரம்பித்தது. தவளையால்தான் வந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன், கல்யாண சீசனும் சேர்ந்துகொண்டது. ஆனால் சர்ச் கன்சோலில் அந்த 38 பக்கங்களுக்கும் மறுபடி கிளிக் விழுவதைக் கண்ணால் பார்த்தேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரையைத் திறந்ததும் விமானி உட்காரும் இடம் மாதிரி இருக்கும், தமிழ் கிடையாது. வலது பக்கம் 'இஷ்யூஸ்' என்று நீளமாக ஒரு பட்டியல் போடுகிறது. தலைப்பு நீளம், படத்துக்கு விளக்கம் இல்லை, அது இல்லை, இது இல்லை என்று எங்கள் தளத்துக்கு முப்பதுக்கு மேல் காட்டியது. உயர்வு, நடுத்தரம், குறைவு என்று முக்கியத்துவம் போட்டிருந்தாலும், விற்கிற பக்கம் எது, தூங்குகிற பக்கம் எது என்று அதற்குத் தெரியாது. புதிதாக வருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு முதல் மாதத்தை வீணாக்கிவிடுவார். நானும் பத்து நாள் வீணாக்கினேன். உடைந்த லிங்க், அனாதைப் பக்கம், க்ரால் டெப்த் மூன்றையும் முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இருநூறு முந்நூறு முகவரிக்குள் அடங்கும் தளம் என்றால் இலவசப் பதிப்பே போதும். ஓட்டத்தைச் சேமித்து வைக்க முடியாது, ஆனால் எக்செலாக இறக்கிக்கொள்ளலாம். சைட்மேப் பட்டியலையும் பக்கத்தில் ஒட்டி ஒப்பிட்டால் அனாதைப் பக்கம் கையாலேயே கிடைத்துவிடும். எங்களைப் போல ஆயிரக்கணக்கில் போட்டோ வைத்திருப்பவர்கள், அதுவும் தளம் மாற்றியவர்கள், ஒரு வருடம் கட்டலாம். மாதச் சந்தா கிடையாது.

எங்கள் லைசென்ஸ் ஆடியில் முடிகிறது. இந்தத் தடவை புதுப்பிக்கப் போவதில்லை. முடிவதற்குள் எல்லாவற்றையும் எக்செலில் இறக்கி வைத்துவிட்டேன், தீபாவளிச் சரக்கு ஏற்றியதும் புதுப் பக்கங்களை மட்டும் இலவசப் பதிப்பில் பட்டியலாகப் போட்டுப் பார்த்துக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. மிச்சமாகும் இருபதாயிரத்தை ஹோஸ்டிங் மாற்றுவதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், அவர் நூலுக்குக் கேட்டுவிடுவார்.